அவரைக்குக் கஞ்சி போட்டவன்

14-7-69, திங்கள்

வேலையில் சேர்ந்தாயிற்று. பிளாக் ஆபீஸ் சிறுவர் தோட்டத் திட்டத்தில் 'தோட்ட வழிகாட்டி'. வரும் வழியில் சைக்கிளில் இரண்டு முறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

திருப்பருத்திக்குன்றம் போகிற ரோட்டில், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அரை ஏக்கர் சும்மா கிடக்கிறது. ஒரு கிணறு, ஒரு ராட்டினம், மீதி முழுக்க முள். பத்து முதல் பதினாறு வயது வரை எந்தப் பிள்ளையும் வரலாம். பள்ளிக்கூடம் போகாதவர்களும் வரலாம். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தோட்டம். விளைவதைப் பிரித்து வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.

இந்த நோட்டை யாரும் படிக்கப்போவதில்லை, அதனால் உண்மையை எழுதி வைக்கிறேன். என் விண்ணப்பத்தில் 'விவசாயக் குடும்பம், மாகறலில் இரண்டு ஏக்கர் நஞ்சை' என்று இருக்கிறது. எங்களுக்கு மாகறலில் ஒரு சாண் மண் கிடையாது. நாங்கள் நெசவுக்காரர்கள். அப்பா இருந்தவரை தறியை விட்டு எழுந்தவரில்லை. இப்போது அதே தறியில் அண்ணன். எனக்கு மட்டும் உள்ளங்கை வியர்க்கும். நான் தொட்டால் சரிகை கறுத்துப்போகும். பன்னிரண்டு வயதிலேயே என்னைத் தறிப்பக்கம் வராதே என்று சொல்லிவிட்டார்கள். நெசவுக்காரத் தெருவில் தறியில் உட்கார முடியாதவன் எதற்கு ஆவான்?

அப்படி எழுதச் சொன்னவர் பஞ்சாட்சரம் வாத்தியார். எனக்குக் கணக்குப் பாடம் எடுத்தவர், இப்போது அந்தப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர். "எழுதுப்பா, மாகறல் வரைக்கும் எவன் சைக்கிள் மிதிச்சிக்கினு போய்ப் பாக்கப் போறான்" என்றார். எழுதிவிட்டேன்.

ஆறு மாதம் தற்காலிகம். தை மாதம் விரிவாக்க அலுவலர் வீராசாமி சார் தோட்டத்தைப் பார்த்து எழுதினால்தான் வேலை நிரந்தரம். இல்லையென்றால் ஆரணியில் மாமாவின் நூல் கடையில் மூட்டை கட்டப் போக வேண்டும். மாமாவை நினைத்தாலே உள்ளங்கை வியர்க்கிறது.

17-7-69, வியாழன்

இருபத்து மூன்று பிள்ளைகள். பாதி எங்கள் பக்கத்து நெசவுத் தெருக்கள், பாதி காலனி. முதல் நாள் இரண்டு கூட்டமாகத்தான் நின்றார்கள். கிணற்றுக் கயிற்றை யார் முதலில் தொடுவது என்று ஒரு முறைப்பு. நான் போய்க் கயிற்றைப் பிடித்து நானே ஒரு வாளி இறைத்தேன், அடுத்த வாளிக்குப் பக்கத்தில் நின்ற காலனிப் பிள்ளை கையில் கயிற்றைக் கொடுத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

பக்கத்துத் தெரு கோதண்டபாணி வந்திருக்கிறான், பன்னிரண்டு வயது. எதற்கெடுத்தாலும் ஏன், எதுக்கு. இவன் வாயால்தான் நான் கெடப்போகிறேன் என்று தோன்றுகிறது. என் வீடு, என் அண்ணன் தறி எல்லாம் இவனுக்குத் தெரியும்.

காலனியிலிருந்து வடிவு என்று ஒரு பெண், பதினாலு வயது. அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அம்மாவோடு கூலிக்குப் போகிறவள். கூடவே தம்பி யேசுதாஸ். அவனுக்கு எட்டு வயதுதான் இருக்கும், பத்து என்று சாதிக்கிறான். விட்டுவிட்டேன். வயதை மாற்றிச் சொல்வதைப் பற்றி நான் பேசலாமா.

மண்ணைப் பற்றி ஒரு சின்னப் பிரசங்கம் செய்துவிட்டு மண்வெட்டியை எடுத்து ஒரு வெட்டு வெட்டினேன். மண் அசையவில்லை, என் தோள்தான் அசைந்தது.

"சார், கைய மாத்திப் புடிங்க," என்றாள் வடிவு.

"தெரியும். உங்களுக்குத் தெரியுதான்னு பாத்தேன்."

"ம்," என்றாள். அவ்வளவுதான். அந்த ஒரு 'ம்' இரவு சாப்பாடு வரைக்கும் கூடவே வந்தது.

21-7-69, திங்கள்

நிலாவில் மனுஷன் இறங்கிவிட்டானாம், ரேடியோ கத்துகிறது. எனக்கு இந்த அரை ஏக்கரில் இறங்கவே தைரியம் வரவில்லை.

5-8-69, செவ்வாய்

மாட்டிக்கொண்டேன்.

ஆடிப்பெருக்கு முடிந்த கையோடு அவரை விதை போடச் சொல்லி பிளாக் ஆபீசிலிருந்து விதை வந்திருந்தது. நான் வீட்டிலிருந்து கழிவு நூல் கொண்டுபோய், முளை அடித்து, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நூல் பிடித்தேன். காஞ்சிபுரத்தில் அத்தனை நேரான பாத்தி இருந்திருக்காது. விரற்கடைக்கு ஒரு விதை என்று வரிசையாகப் போடச் சொன்னேன். பிள்ளைகள் போட்டார்கள். பார்க்கவே அழகாக இருந்தது.

எல்லோரும் போன பிறகு வடிவு மட்டும் நின்றாள். தம்பியைக் கிணற்றுப் பக்கம் அனுப்பிவிட்டுக் கேட்டாள்.

"சார், அவரைக்கொடி எத்தினி தூரம் ஓடும் சொல்லுங்க?"

நான் கையை விரித்து ஓர் அளவு காட்டினேன்.

"ஒரு கொடி ஒரு பந்தலையே மூடும் சார். ரெண்டு முழத்துக்கு ஒரு குழி. குழிக்கு மூணு வெதை. நீங்க போட்டது தறிப் பாவு. இழைக்கு இழை ஒட்டிக்கினு நிக்கறதுக்கு இது இன்னா பொடவையா?"

நான் முளையில் கட்டிய நூலைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

"நீங்க பயிர் வெக்கற வூட்டுப் புள்ள இல்ல," என்றாள். கேள்வியாகக் கூட இல்லை.

அப்புறம் என்ன, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சரிகை, மாகறல், ஆரணி மாமா, எல்லாம். ஒரு பதினாலு வயதுப் பெண்ணிடம். யாரிடமும் சொல்லிவிடாதே என்று கெஞ்சினேன். வெட்கக்கேடு.

அவள் யோசித்தாள். "சொன்னா எனக்கு இன்னா வரப்போவுது? உங்கள அனுப்பிட்டு வேற ஆளு வருவாரு. அவரு எங்க தெருப் புள்ளைங்கள கெணத்துக்கிட்ட வுடுவாரோ மாட்டாரோ. நீங்க மொத நாளே கயிற எடுத்துக் கையில குடுத்தீங்க."

ஒப்பந்தம் இதுதான்: தினம் எல்லோருக்கும் அரை மணி முன்னால் அவள் வந்து அன்றைய வேலையைச் சொல்லித் தருவாள். ஐந்து மணிக்கு அதையே நான் மற்றவர்களுக்குச் சொல்வேன். பதிலுக்கு, அவள் பங்குத் தண்ணீரை நான் இறைக்க வேண்டும்.

"எத்தனை குடம்?"

"நாப்பது."

விதையை எல்லாம் தோண்டி எடுத்து மறுபடி குழி போட்டோம். இருட்டிவிட்டது.

13-8-69, புதன்

முளைத்துவிட்டது. எனக்கே எனக்கென்று ஏதோ கிடைத்த மாதிரி இருந்தது. யேசுதாஸ் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "சார், அது கோரை. அவரை இந்தாண்ட இருக்குது" என்றான். பரவாயில்லை. அதுவும் முளைத்துத்தானே இருக்கிறது.

12-9-69, வெள்ளி

கை கொப்புளித்து, உடைந்து, காய்த்துவிட்டது. அம்மா சோறு போடும்போது பார்த்துவிட்டாள். வீட்டில் தெலுங்குதான். "ஏமிரா இதி", என்னடா இது என்று கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். வழிகாட்டி என்றால் வழியைக் காட்டினால் போதாதா, தண்ணீர் ஏன் இறைக்கிறாய் என்கிறாள். கையை இழுத்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தேன்.

காய்த்த கையில் வியர்வை குறைந்திருக்கிறது. மண்ணுக்கு என் வியர்வையைப் பற்றி ஒரு புகாரும் இல்லை.

முதல் கீரை அறுத்தோம். முளைக்கீரை, இருபத்து மூன்று கட்டு. கோதண்டபாணி தன் கட்டைத் தலைமேல் வைத்துக்கொண்டு தெரு முழுக்க நடந்தானாம். அவன் அம்மா, "இதுக்குப் போயி தெனமும் சட்டைய அழுக்காக்கிக்கினு வரியா" என்று திட்டிவிட்டு அன்றைக்கே கடைந்தாளாம். இப்போது கயிற்றுத் தகராறு எல்லாம் இல்லை. தகராறு யார் கட்டு பெரியது என்பதில்தான்.

30-10-69, வியாழன்

மூன்று நாளாக மழை. தோட்டத்துக்குப் போகாவிட்டால் எனக்கு என்னவோ போலிருக்கிறது. ஐந்தரைக்குக் குடை பிடித்துக்கொண்டு போனேன். வடிவு கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு பாத்திக்கு வடிகால் வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "கொடைய மடக்கிட்டு அந்தாண்ட வெட்டுங்க சார்" என்றாள். வெட்டினேன். இன்று மண்வெட்டியைச் சரியாகப் பிடித்தேன். அவள் கவனித்தாள்.

3-12-69, புதன்

வடிவு நான்கு நாள் வரமாட்டாள். மாகறலில் களையெடுப்பு, அம்மாவோடு போயிருக்கிறாள். தண்ணீர் மட்டும் விடுங்க, வேற ஒண்ணும் செய்யாதீங்க என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அவரைப் பந்தலில் பூ இறங்கியிருக்கிறது. ஆனால் நுனியெல்லாம் சுருண்டு தொங்குகிறது. தண்டில் கறுப்பாக ஏதோ தூசி. தண்ணீர் விட்டும் நிமிரவில்லை.

பயமாக இருக்கிறது. இந்தப் பந்தலைத்தான் தை மாதம் வீராசாமி சார் பார்க்கப்போகிறார்.

4-12-69, வியாழன்

நூல் துவண்டால் நாங்கள் என்ன செய்வோம்? கஞ்சி போடுவோம். தெருவில் பாவு நூலை நீட்டிக் கட்டி, கஞ்சி தெளித்து, வெயிலில் காயவிட்டால் விறைப்பாக நிற்கும். பிறந்ததிலிருந்து பார்த்தது. வேறு எனக்கு என்ன தெரியும்?

விடிகாலை அண்ணன் பாவுக்கு வைத்திருந்த கஞ்சிப் பானையைத் தூக்கிக்கொண்டு போய், கிழக்கு வரிசை அவரை முழுவதுக்கும் கையாலேயே தெளித்தேன். கெட்டிக் கஞ்சி. இலையெல்லாம் வெள்ளை. கஞ்சி தீர்ந்துவிட்டதால் மேற்கு வரிசைக்கு இல்லை.

வீடு திரும்பினால் தெருவில் பாவு காத்துக்கொண்டிருக்கிறது, அண்ணன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறான். "பாவுக்கு வெச்ச கஞ்சி எங்கடா" என்று அம்மா. அவரைக்குப் போட்டேன் என்று சொன்னேன். அண்ணன் வெறும் பானையை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தான். "உனக்கு அந்த வேலையில என்னதான்டா சொல்லிக் குடுக்கறாங்க" என்றான்.

7-12-69, ஞாயிறு

வடிவு வந்தாள். பந்தலைப் பார்த்தாள். தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"சார், இன்னா சார் இது?"

"துவண்டு போச்சு. அதான் கஞ்சி."

"தொவண்டு போவல சார், அசுவினி. அந்தக் கறுப்பு தூசி இல்ல, பூச்சி. சாறு குடிச்சிக்கினு இருக்குது. நீங்க அதுக்குக் கஞ்சி ஊத்தி விருந்து வெச்சிருக்கீங்க."

யேசுதாஸ் உருண்டு உருண்டு சிரித்தான். நான் எங்கேயாவது போய்விடலாமா என்று பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. எழுந்து கிழக்கு வரிசைக்குப் போனாள். ஓர் இலையைத் திருப்பினாள், இன்னொன்று, இன்னொன்று. காய்ந்த கஞ்சி ஏடு ஏடாக உரிந்து வந்தது. ஒவ்வோர் ஏட்டிலும் கறுப்பு கறுப்பாகப் பூச்சி ஒட்டிக்கொண்டு வந்தது, எல்லாம் செத்து. மேற்கு வரிசைக்கு ஓடினாள். அங்கே தண்டு தெரியாமல் உயிரோடு மொய்த்துக் கிடந்தது.

ரொம்ப நேரம் இரண்டு வரிசைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். அப்புறம் சொன்னாள்: "கஞ்சி கெட்டி. அதான் இலையும் கொஞ்சம் வெந்துபோச்சு. தண்ணியா கரைச்சி, துணியில வடிகட்டி, இலைக்கு அடியில அடிக்கணும். வெயில் ஏறறதுக்குள்ள அடிக்கணும், அப்பதான் காயும். மறுநாளு வெறுந்தண்ணி வுட்டு அலம்பணும்."

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. பாத்தா தெரியுது இல்ல?"

எனக்குத் தெரியவில்லை. நான் மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

20-12-69, சனி

அவள் சொன்னபடி மூன்று தடவை அடித்தாயிற்று. பிள்ளைகள் வீட்டுக்கு ஒரு செம்பு வடித்த கஞ்சி கொண்டுவருகிறார்கள். கோதண்டபாணிக்கு வாயில் வைத்துப் பாவுக்குத் தெளிக்கிற மாதிரியே புஸ்ஸென்று ஊத வருகிறது. பாதி கஞ்சியைக் குடித்தும் விடுகிறான். பந்தல் சுத்தம். பூவெல்லாம் பிஞ்சு.

6-1-70, செவ்வாய்

கடிதம் வந்துவிட்டது. இருபதாம் தேதி வீராசாமி சார் வருகிறார். பஞ்சாட்சரம் வாத்தியார் என்னை விடப் பயந்திருக்கிறார். "மாகறல் பேச்ச எடுக்காதே, அவரா கேட்டா இருமு" என்கிறார்.

20-1-70, செவ்வாய்

எப்படி எழுதுவது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையிலேயே கோதண்டபாணியைக் கயிறு வாங்கிவர அனுப்பிவிட்டேன். அவன் வாய் இங்கே இருக்கக் கூடாது. வீராசாமி சார் ஜீப்பில் வந்தார். நல்ல மனிதர், கண்ணாடி மூக்கு நுனியில். கத்தரி, வெண்டை, முள்ளங்கி எல்லாம் பார்த்தார். அவரைப் பந்தலுக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"இந்த வருஷம் பிளாக் முழுக்க அவரை போச்சுப்பா. அசுவினி. மருந்து கேட்டு எல்லா ஊரும் எழுதுது. இங்கே எப்படி ஒண்ணுகூட இல்லை?"

"கஞ்சி அடிச்சோம் சார்."

"கஞ்சியா? யார் யோசனை?"

வடிவு பத்தடி தூரத்தில் குடத்தோடு நின்றாள். மற்றப் பிள்ளைகளும் நின்றார்கள். ஒரு வார்த்தை போதும். ஒரே ஒரு பெயர்.

"நான்தான் சார்," என்றேன். அதோடாவது நிறுத்தினேனா? "எங்க மாகறல்ல அப்பா காலத்துலேர்ந்து செய்யறது சார்."

ஏன்டா அப்படிச் சொன்ன? யாருடா கேட்டா உன்னை?

அவர் என் தோளைத் தட்டினார். மாதக் கடைசியில் ஏனாத்தூரில் எல்லா ஊர்த் தோட்டக்காரர்களுக்கும் கூட்டம், நீ வந்து எடுத்துச் சொல்ல வேண்டும் என்றார். உன் வேலையைப் பற்றி இனி கவலைப்படாதே என்றார். "ஒரு நாள் உங்க அப்பாவோட நிலத்தையும் பாக்கணும்" என்றார். பஞ்சாட்சரம் வாத்தியாருக்கு அந்த நேரத்தில் இருமல் வந்துவிட்டது.

ஜீப் போனதும் திரும்பிப் பார்த்தேன். குடம் கிணற்றடியில் இருந்தது. வடிவு இல்லை.

22-1-70, வியாழன்

வடிவு வரவில்லை. நேற்றும் வரவில்லை. யேசுதாசைக் கேட்டேன். "அக்கா சொல்லுச்சு, சாருக்குத்தான் எல்லாம் தெரியுமே, அவரே பாத்துக்குவாருன்னு."

26-1-70, திங்கள்

கொடி ஏற்றினார்கள், மிட்டாய் கொடுத்தார்கள். தோட்டத்தில் ஒன்பது பிள்ளைகள்தான். காலனிப் பிள்ளைகள் யேசுதாசைத் தவிர யாரும் இல்லை. அவன் வருவதும் கத்தரிச் செடிக்காக, எனக்காக இல்லை என்று முகத்திலேயே எழுதியிருக்கிறது.

நாற்பது குடமும் நானே இறைத்தேன். இறைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

வேலை கிடைத்துவிட்டது என்று அம்மா பாயசம் வைத்தாள். இறங்கவில்லை.

28-1-70, புதன்

காலனிக்குப் போனேன். வடிவுடைய அம்மா அன்னம்மாள் உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். வடிவு உள்ளே முறத்தில் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

மன்னிச்சிடு என்றேன். முறம் நின்றது.

"நீங்க பயந்துகினு சொன்னீங்க. அது எனக்குத் தெரியும். 'நான்தான்'னு சொன்னதுகூட போவட்டும் சார், கஞ்சிய ஊத்தனது நீங்கதான். உங்க அப்பா எங்க வந்தாரு நடுவுல? மாகறல்ல சேத்துல நின்னது எங்க அப்பா அந்தோணி. மழையில, வெயில்ல, சாவற வரைக்கும். ஒரு காணி சொந்தமில்ல. அந்த மண்ணப் பத்தி எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அவரு கையப் புடிச்சிக் கத்துக்கினது. அதப் போயி உங்க அப்பா பேருல எழுதி வெச்சிட்டீங்களே."

நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏனாத்தூர்ல போயிச் சொல்லிடறேன்," என்றேன்.

"வேணாம். உங்க வேல பூடும். நான் வரல, அவ்ளோதான்."

அழுகிற மாதிரி ஆகிவிட்டது எனக்கு. அவளுக்காகவா, எனக்காகவா, எதற்கென்று தெரியவில்லை. டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

31-1-70, சனி

ஏனாத்தூர்க் கூட்டம். காய் காட்டுவதற்காகக் கோதண்டபாணியும் யேசுதாசும் ஒரு கூடை அவரையைத் தூக்கிக்கொண்டு கூட வந்தார்கள். ஐம்பது பேருக்கு மேல், எல்லோரும் மண்ணில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். வீராசாமி சார் என்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிக் கூப்பிட்டார். உள்ளங்கையிலிருந்து சொட்டியது.

எழுந்து சொன்னேன். "எனக்கு மாகறல்ல நிலம் கிடையாதுங்க. எங்க அப்பா பட்டு நெய்ஞ்சவரு. செடி சுருண்டு தொங்கிச்சு. நூல் துவண்டா கஞ்சி போடுவோம், அதனால செடிக்கும் கஞ்சி போட்டேன். பூச்சி இருக்கறதே எனக்குத் தெரியாது."

 கொட்டகை கூரை எகிறுகிற மாதிரி ஒரு சிரிப்பு. ஒரு பெரியவர், "இஸ்திரியும் போட்டியாப்பா?" என்று கேட்டார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து ஓயும்வரை நின்றேன்.

"கஞ்சியில பூச்சி சாவுதுன்னு கண்டுபிடிச்சது வடிவுன்னு ஒரு பொண்ணு. தண்ணியா கரைக்கணும், வடிகட்டணும், இலைக்கு அடியில அடிக்கணும், எல்லாம் அதுதான் சொல்லிச்சு. மாகறல்ல பயிர் வேலை செஞ்ச அந்தோணியோட பொண்ணு. எனக்குத் தோட்டம் கத்துக் குடுத்ததும் அதுதான்."

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. இஸ்திரி கேட்ட பெரியவர், "எத்தனை நாளைக்கு ஒருவாட்டி அடிக்கணுமாம்?" என்று கேட்டார். சொன்னேன். பலர் எழுதிக்கொண்டார்கள்.

கோதண்டபாணி எழுந்து, "இந்த அண்ணன் பொய் சொல்லல சார், எங்க பக்கத்துத் தெருதான்" என்று சாட்சி வேறு சொன்னான். வீராசாமி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை ஆபீசுக்கு வா என்றார். அவ்வளவுதான்.

வரும் வழியில் வெறும் கூடையை ஆட்டிக்கொண்டே யேசுதாஸ் கேட்டான்: "சார், இனிமே நீங்க ஆரணிக்குப் பூடுவீங்களா?" தெரியல என்றேன்.

2-2-70, திங்கள்

பிளாக் ஆபீஸ். முன்னாலேயே பஞ்சாட்சரம் வாத்தியார் போய் உட்கார்ந்திருந்தார். "பையனை எழுதச் சொன்னது நான்தான்" என்று சொல்லியிருக்கிறார். அவர்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

வீராசாமி சார் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"பொய் எழுதினதுக்கு உன்னை இன்னிக்கே அனுப்பணும். ஆனா நடுவுல தோட்டத்தை மூட எனக்கு மனசில்லை. நிரந்தரம்னு நான் எழுதப் போறதில்லை. ஆடி பிறக்கறதுக்கு முன்னாடி வரேன். பாத்தி பாத்தியா கேள்வி கேக்கறேன். அந்தப் பொண்ணும் கூட நிக்கணும். தேறினா பாக்கலாம்."

மேசைமேல் ஊர்களுக்கு அனுப்பும் சுற்றறிக்கை இருந்தது. 'அவரை அசுவினிக்குக் கஞ்சித் தெளிப்பு. கண்டறிந்தவர்: வடிவு, தகப்பனார் அந்தோணி.' ஒன்றை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். இரண்டாக எடுத்துக்கோ என்றார்.

வீட்டில் சொன்னேன். அண்ணன் பாயசத்துக்கு ஆன சர்க்கரையைப் பற்றி மட்டும் கேட்டான். அம்மா அவனை அடிக்கக் கை ஓங்கினாள்.

5-2-70, வியாழன்

நாலரை மணிக்குக் கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து குரல்.

"கத்திரிக்கு எப்ப தண்ணி வுட்டீங்க?"

"நேத்து."

"பொய். மண்ணு வெடிச்சிக் கெடக்குது."

"முந்தாநேத்து."

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

ஏனாத்தூரில் நடந்ததை யேசுதாஸ் சொல்லியிருப்பான். சுற்றறிக்கையைக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டி இரண்டு தரம் படித்தாள். அப்பா பெயர் வந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, "நாப்பது குடம் பாக்கி இருக்குது சார்" என்றாள்.

ஐந்து மணிக்கு இருபத்து மூன்று பேரும் இருந்தார்கள்.

11-4-70, சனி

இனிமேல் ஐந்து மணிக்கு நான் சொல்வதில்லை. அவளே சொல்கிறாள். நான் பிள்ளைகளோடு வரிசையில் நின்று கேட்கிறேன். கோதண்டபாணி என்னை விட நிறையக் கேள்வி கேட்கிறான். எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

15-7-70, புதன்

இன்று பரீட்சை.

நாளை மறுநாள் ஆடி பிறக்கிறது. வீராசாமி சார் வந்தார், இந்தத் தடவை ஜீப்பை விட்டு இறங்கியதும் முதலில் வடிவைத்தான் தேடினார். பாத்தி பாத்தியாக நடந்தோம். முன்னால் அவர், பக்கத்தில் வடிவு, நடுவில் நான், பின்னால் இருபத்திரண்டு பேர். யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று அவர் உத்தரவு. யேசுதாஸ் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டே நடந்தான்.

வெண்டைக்கு இடைவெளி? சொன்னேன். கத்தரி நாற்றை எத்தனை நாளில் பிடுங்கி நட வேண்டும்? சொன்னேன். மிளகாய் இலை சுருண்டால்? சொன்னேன், சுருண்டதெல்லாம் துவண்டதில்லை என்றும் சேர்த்துச் சொன்னேன். அவர் சிரித்தார். புடலைக்கு எந்த உரம் என்று கேட்டதற்குத் தப்பாகச் சொன்னேன் போலிருக்கிறது, வடிவு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைசியில் வேலி ஓரம் ஒரு நாற்றைக் காட்டி இது என்ன என்றார். உட்கார்ந்து பார்த்தேன். இலையைக் கசக்கி முகர்ந்தேன்.

"தெரியலை சார்."

"சும்மா ஒரு பேர் சொல்லேன்."

"தெரியலை சார்."

அவர் நோட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றிவிட்டு, என்னைப் பார்க்கவில்லை, வடிவைப் பார்த்தார். "என்னம்மா, நிரந்தரம்னு எழுதிடலாமா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பஞ்சாட்சரம் வாத்தியார் ஜன்னலிலிருந்து பார்த்தார்.  அவள் என் காலிலிருந்து தலை வரைக்கும் ஒரு தரம் பார்த்தாள். அவசரமே படவில்லை.

"இன்னும் ஒரு பட்டம் பாக்கலாம் சார்," என்றாள்.

பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு இறைத்திருக்கிறேனே. அப்புறம் நினைத்துப் பார்த்தேன், என்னை அனுப்பிவிடுங்கள் என்று அவள் சொல்லவில்லை. விதைப்பிலிருந்து காய்ப்பு வரை இன்னொரு தரம் கூடவே வா என்றுதான் சொல்லியிருக்கிறாள். வீராசாமி சார் அதையே எழுதினார், எனக்கும் படித்துக் காட்டினார்: 'மேலும் ஒரு பட்டம்.'

ஜீப் போன பிறகும் நான் வேலி ஓரத்திலேயே நின்றேன். அந்த நாற்றை மறுபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சார்," என்று கிணற்றடியிலிருந்து கூப்பிட்டாள். "அது இன்னான்னு எனக்கும் தெரில. வளரட்டும், பாக்கலாம். அவரை வெதைய எடுத்துக்கினு வாங்க."

எடுத்துக்கொண்டு போனேன்.